அமெரிக்க சுதந்திரப் போராட்டத்துக்குப் பங்களித்த குடியேற்றவாசிகள்



“அமெரிக்க சுதந்திரப் போராட்டத்துக்குப் பங்களித்த குடியேற்றவாசிகள் மூவரைக் குறிப்பிட்டு, அவர்களது பணியை விளக்குக.” இவ்வாறான வினாவைக் கண்டதும் பெரும்பாலான மாணவர்கள் எழுதும் முதற் பெயர் ஜோர்ஜ் வொஷிங்டன். அது சரியே. ஆனால் அதன் பின்னர் அவர் பிறந்த ஆண்டு, முதலாவது ஜனாதிபதியானமை, தலைநகருக்கு அவரது பெயர் சூட்டப்பட்டமை என்று எழுதிக்கொண்டே போகின்றனர். பக்கம் நிறைகிறது, புள்ளி நிறைவதில்லை. வினா கேட்பது வாழ்க்கை வரலாற்றை அன்று. சுதந்திரம் கிடைப்பதற்கு அவர் செய்தது என்ன, அதை அவர் செய்யாதிருந்தால் எது தடைப்பட்டிருக்கும் என்பதையே வினா கேட்கிறது.

அமெரிக்க சுதந்திரம் ஒருவரால் வந்ததன்று. எதிர்ப்பை ஒழுங்கமைத்தல், எழுத்தினால் மக்கள் மனத்தை மாற்றுதல், சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தல், போரிடுதல், வெளிநாட்டு உதவி பெறுதல் என ஐந்து வகையான பணிகள் அங்கே நடைபெற்றன. ஒவ்வொரு பணிக்கும் வெவ்வேறு மனிதர்கள் தேவைப்பட்டனர். பெயர்களை இவ்வொழுங்கில் நினைவில் வைத்திருப்பின் எவ்வாறு வினா வந்தாலும் விடையெழுதலாம்.

1. பின்னணி

1607இல் வேர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் குடியிருப்பு அமைக்கப்பட்டது முதல் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் 13 ஆங்கிலக் குடியேற்றங்கள் உருவாயின. அவை தமக்கெனச் சட்டசபைகளை வைத்திருந்தன. தம்மிடமிருந்து வரி அறவிடும் உரிமை அச்சபைகளுக்கே உண்டு எனக் குடியேற்றவாசிகள் கருதினர்.

1763இல் முடிவுற்ற ஏழாண்டுப் போரில் பிரித்தானியா பிரான்சைத் தோற்கடித்தது. ஆயினும் பெருங்கடன் அதன் தலையில் விழுந்தது. அக்கடனைத் தீர்க்கவும் அமெரிக்காவில் படை வைத்திருக்கவும் குடியேற்றவாசிகளிடம் வரி அறவிடப் பாராளுமன்றம் முனைந்தது. 1764இல் சீனிச் சட்டமும் 1765இல் முத்திரைச் சட்டமும் 1767இல் டவுன்சென்ட் சட்டங்களும் வந்தன. பாராளுமன்றத்தில் குடியேற்றவாசிகளுக்கு ஓர் ஆசனமேனும் இருக்கவில்லை. “பிரதிநிதித்துவம் இன்றேல் வரி இல்லை” என்ற சுலோகம் எழுந்தது இதனாலேயே ஆகும்.

2. எதிர்ப்பை ஒழுங்கமைத்தோர்

(அ) ஜேம்ஸ் ஓட்டிஸ்
பொஸ்டன் நகரச் சட்டத்தரணி. சுங்க அதிகாரிகள் எவரது வீட்டையும் களஞ்சியத்தையும் சோதனையிட அனுமதித்த பொதுப் பிடியாணைகளுக்கு எதிராக 1761இல் நீதிமன்றில் வாதிட்டார். வழக்கில் வெற்றி கிடைக்கவில்லை. எனினும், நியாயமற்ற சட்டத்தைக் கேள்விக்குட்படுத்தலாம் என்ற எண்ணம் அவ்வாதத்தின் மூலம் பரவியது. மேற்கூறிய சுலோகமும் இவரது பெயருடன் இணைத்தே பேசப்படுகிறது.

(ஆ) பற்றிக் ஹென்றி
வேர்ஜீனியாவின் சிறந்த பேச்சாளர். 1765இல் முத்திரைச் சட்டத்துக்கு எதிரான தீர்மானங்களை வேர்ஜீனியாச் சட்டசபையில் கொண்டுவந்தார். ஏனைய குடியேற்றங்களின் பத்திரிகைகளும் அவற்றை வெளியிட்டன. 1775 மார்ச்சில் ரிச்மண்ட் நகரில், சுதந்திரமின்றேல் மரணமே மேல் என்ற கருத்தில் அவர் ஆற்றிய உரை புகழ்பெற்றது. அவ்வுரையின் வாசகம் கேட்டவர்களின் நினைவைக் கொண்டு பல ஆண்டுகளின் பின்னரே நூலாக்கப்பட்டது என்பதையும் அறிந்திருங்கள்.

(இ) சாமுவேல் அடம்ஸ்
இவர் முன்னர் பொஸ்டன் நகரின் வரி சேகரிப்பாளராக இருந்தவர். நிலுவையைக் கண்டிப்பாக அறவிடாததால் அவரது கணக்கிலே பெருந்தொகை துண்டு விழுந்தது. அவ்வாறான ஒருவரே பின்னர் வரி எதிர்ப்பின் தலைவரானார். 1772இல் அவரது முயற்சியால் பொஸ்டனில் கடிதத் தொடர்புக் குழு அமைக்கப்பட்டது. ஏனைய நகரங்களும் குடியேற்றங்களும் இதைப் பின்பற்றின. ஓரிடத்தில் நடந்த அநீதி மற்றைய இடங்களுக்கு உடனுக்குடன் தெரியவந்தது. தனித்தனியே கிடந்த 13 குடியேற்றங்களை ஒரே நூலிற் கோத்த பணி இதுவாகும்.

1773 டிசம்பர் 16ஆம் திகதி நடந்த பொஸ்டன் தேநீர் விருந்துக்கு முன்னரான மக்கள் கூட்டங்களிலும் சாமுவேல் அடம்ஸ் முன்னின்றார். அன்றிரவு மூன்று கப்பல்களிலிருந்த 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் வீசப்பட்டன.

கவனிக்க: 1773ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டத்தால் தேயிலை விலை கூடியது எனப் பலர் எழுதுகின்றனர். அது தவறு. கிழக்கிந்தியக் கம்பனி நேரடியாக விற்க அனுமதி பெற்றதால் விலை குறைந்தது. பின் ஏன் எதிர்த்தனர்? மலிவென்று வாங்கினால் அதிலுள்ள சிறு வரியையும் ஏற்றதாகிவிடும். பாராளுமன்றத்தின் வரி விதிக்கும் உரிமையையும் ஏற்றதாகிவிடும். கம்பனியின் தனியுரிமையால் உள்ளூர் வணிகரும் பாதிக்கப்படுவர். இவ்விளக்கத்தை எழுதும் மாணவர் பாடத்தை உண்மையாக விளங்கியவர். அத்தேயிலை சீனாவிலிருந்து வந்தது என்பதையும் நினைவிற் கொள்க. இலங்கையில் வர்த்தக ரீதியான தேயிலைச் செய்கை 1867இலேயே தொடங்கியது.

3. எழுத்தினால் மனத்தை மாற்றியோர்

(அ) ஜோன் டிக்கின்சன்
டவுன்சென்ட் சட்டங்களுக்கு எதிராக 1767 - 1768 காலத்தில் ஒரு விவசாயி எழுதுவது போல 12 கடிதங்களை வெளியிட்டார். வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தப் பாராளுமன்றத்துக்கு உரிமை உண்டு, வருமானத்துக்காக வரி விதிக்க உரிமை இல்லை என்பதே அவற்றின் சாரம். எனினும் 1776இல் பிரிந்து செல்வதற்குக் காலம் கனியவில்லை எனக் கருதி, சுதந்திரத்துக்கான வாக்கெடுப்பிலிருந்து அவர் விலகி நின்றார், பிரகடனத்தில் ஒப்பமிடவுமில்லை. ஆனால் பிரகடனம் வெளியானதும் குடிப்படையுடன் போர்க்களம் சென்றார். தலைவர்களிடையேயும் கருத்து வேறுபாடு இருந்ததைக் காட்ட இவர் நல்ல உதாரணம்.

(ஆ) தோமஸ் பெயின்
இங்கிலாந்தில் பிறந்து, பல தொழில்களில் தோல்வியுற்று, பிராங்ளின் கொடுத்த அறிமுகக் கடிதத்துடன் 1774இன் இறுதியில் பிலடெல்பியா வந்து சேர்ந்தவர். 1776 ஜனவரியில் ‘கொமன் சென்ஸ்’ என்னும் சிறுநூலை வெளியிட்டார்.

அதுவரை குடியேற்றவாசிகள் பாராளுமன்றத்தையும் அமைச்சர்களையுமே குறை கூறினர். அரசர் மூன்றாம் ஜோர்ஜ் நல்லவர், அவருக்கு உண்மை தெரிந்தால் நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கை பலரிடம் இருந்தது. பெயின் அந்த நம்பிக்கையையே தகர்த்தார். பரம்பரை முடியாட்சி முறையே பிழை என்றும், ஒரு கண்டத்தை ஒரு தீவு என்றென்றும் ஆள்வது இயற்கைக்கு முரண் என்றும் சாதாரண மக்களுக்கு விளங்கும் மொழியில் எழுதினார். வரிக் குறையைத் தீர்க்கக் கேட்ட போராட்டம் சுதந்திரம் கேட்கும் போராட்டமாக மாறியதில் இந்நூலுக்குப் பெரும் பங்குண்டு.

4. சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தோர்

தேநீர் விருந்துக்குத் தண்டனையாகப் பிரித்தானியா 1774இல் பொஸ்டன் துறைமுகத்தை மூடியது. அவ்வாண்டு செப்டெம்பரில் பிலடெல்பியாவில் முதலாவது கண்டக் காங்கிரஸ் கூடியது. ஜோர்ஜியா தவிர்ந்த 12 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கலந்துகொண்டனர். 1775 மே மாதம் இரண்டாவது கண்டக் காங்கிரஸ் கூடியபோது போர் தொடங்கியிருந்தது.

(அ) ஜோன் அடம்ஸ்
சாமுவேல் அடம்ஸின் உறவினர், சட்டத்தரணி. 1770 மார்ச் 5ஆம் திகதி பொஸ்டனில் பிரித்தானியப் படையினர் சுட்டதில் ஐவர் உயிரிழந்தனர். அப்படையினருக்காக நீதிமன்றில் வாதாடியவர் இதே ஜோன் அடம்ஸ்தான். எதிரியாயினும் நீதியான விசாரணை வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. எண்மரில் அறுவர் விடுதலையாயினர். காங்கிரசில் வொஷிங்டனைத் தளபதியாக்கும் யோசனையை முன்வைத்தவரும், சுதந்திரத் தீர்மானத்துக்காக மிகக் கடுமையாக வாதிட்டவரும் இவரே.

(ஆ) தோமஸ் ஜெபர்சன்
1776 ஜூன் 7ஆம் திகதி வேர்ஜீனியாவின் ரிச்சர்ட் ஹென்றி லீ சுதந்திரத் தீர்மானத்தை முன்மொழிந்தார். பிரகடனத்தை வரைய ஐவர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. ஜெபர்சன், ஜோன் அடம்ஸ், பெஞ்சமின் பிராங்ளின், ரொஜர் ஷேர்மன், ரொபேர்ட் லிவிங்ஸ்டன் என்போரே அவர்கள். அப்போது 33 வயதான ஜெபர்சன் முதல் வரைவை எழுதினார். மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் மகிழ்ச்சியை நாடுவதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு, அவ்வுரிமையைக் காக்கத் தவறும் அரசை மாற்ற மக்களுக்கு உரிமை உண்டு என்பன அதன் அடிப்படைகள். ஆங்கிலச் சிந்தனையாளர் ஜோன் லொக்கின் செல்வாக்கு இதில் தெளிவாகத் தெரிகிறது.

இவ்வாறு எழுதிய ஜெபர்சன் தமது வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து வரைவில் அவர் எழுதிய பகுதியையும் காங்கிரஸ் நீக்கிவிட்டது. ‘யாவரும் சமம்’ என்ற வாசகத்துக்கும் நடைமுறைக்கும் இடையிலிருந்த இவ்விடைவெளியை மறைத்து எழுத வேண்டியதில்லை. மதிப்பீட்டு வினாக்களில் இதுவே விடைக்குக் கனம் சேர்க்கும்.

(இ) ஜோன் ஹன்கொக்
பொஸ்டனின் செல்வந்த வணிகர். பிரகடனம் ஏற்கப்பட்டபோது காங்கிரசின் தலைவராக இருந்தவர். அவரது பெரிய கையொப்பம் முதலில் காணப்படுகிறது. மொத்தம் 56 பேர் ஒப்பமிட்டனர்.

கவனிக்க: சுதந்திரத் தீர்மானம் நிறைவேறியது 1776 ஜூலை 2. பிரகடனம் ஏற்கப்பட்டது ஜூலை 4. பெரும்பாலானோர் ஒப்பமிட்டது ஓகஸ்ட் 2. சுதந்திர தினமாகக் கொள்ளப்படுவது ஜூலை 4.

5. போர்க்களத்தில் நின்றோர்

(அ) போல் ரிவியர்
பொஸ்டனின் வெள்ளி வேலைக் கலைஞர். 1775 ஏப்ரல் 18 இரவு பிரித்தானியப் படை புறப்படும் செய்தியைக் குதிரையில் விரைந்து சென்று கிராமங்களுக்கு அறிவித்தார். வில்லியம் டோஸ், சாமுவேல் பிரெஸ்கொட் என்போரும் உடன் செயற்பட்டனர். ரிவியர் வழியிற் பிடிபட, கொன்கோட் வரை செய்தியைக் கொண்டு சென்றவர் பிரெஸ்கொட். மறுநாள் லெக்சிங்டன், கொன்கோட் ஆகிய இடங்களில் போர் தொடங்கியது.

(ஆ) ஜோர்ஜ் வொஷிங்டன்
வேர்ஜீனியாவின் தோட்ட உரிமையாளர். முன்னர் பிரித்தானியாவுக்காகப் பிரெஞ்சுக்காரருக்கு எதிராகப் போரிட்ட அனுபவம் உடையவர். 1775 ஜூன் 15ஆம் திகதி தளபதியாகத் தெரிவானார். சம்பளம் வேண்டாம், செலவுத் தொகை போதும் என்றார்.

அவர் எல்லாப் போர்களிலும் வென்றவர் அல்லர். 1776இல் நியூயோர்க்கை இழந்து பின்வாங்கினார். அவரது பெருமை படையைக் கலைய விடாமற் காத்ததிலேயே உள்ளது. 1776 டிசம்பர் 25 இரவு பனிக்கட்டி மிதந்த டெலவெயர் ஆற்றைக் கடந்து மறுநாள் ட்ரென்டனில் பெற்ற வெற்றி, சோர்ந்திருந்த மக்களுக்கு உயிரூட்டியது. 1777 - 1778 குளிர்காலத்தில் வேலி போர்ஜ் முகாமில் ஏறக்குறைய 2000 படையினர் நோயால் இறந்தனர். அப்போதும் படை கலையவில்லை. 1777இல் தமது படையினருக்குப் பெரியம்மைத் தடுப்பு ஏற்றவும் அவர் கட்டளையிட்டார். போர் முடிந்ததும் 1783 டிசம்பர் 23ஆம் திகதி பதவியைக் காங்கிரசிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். வென்ற தளபதி அரசனாகாமல் வீடு சென்றமை, மக்களாட்சி நிலைக்க வழிவகுத்தது.

(இ) ஹென்றி நொக்ஸ்
பொஸ்டனில் புத்தகக் கடை நடத்தியவர். போர்க்கலையைத் தமது கடைப் புத்தகங்களிலிருந்தே கற்றுக்கொண்டார். 25 வயதில், ரிக்கொண்டரோகாக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 60 பீரங்கிகளை எருதுகளும் குதிரைகளும் இழுத்த பனிச்சறுக்கு வண்டிகளில் பொஸ்டனுக்கு அருகே கொண்டுவந்து சேர்த்தார். அவை குன்றின் மேல் நிறுத்தப்பட்டதும் 1776 மார்ச் 17ஆம் திகதி பிரித்தானியப் படை பொஸ்டனை விட்டு வெளியேறியது.

(ஈ) நதானியேல் கிரீன்
இரும்புப் பட்டறைக் குடும்பத்தவர். 1780இன் இறுதியில் தென்பகுதிப் படையைப் பொறுப்பேற்றார். நேரடி வெற்றிகள் குறைவு. ஆனால் ஓடவிட்டு, களைக்கவிட்டு, எதிரியின் ஆட்பலத்தைக் கரைத்தார். களைத்த கோர்ன்வாலிஸ் பிரபு வேர்ஜீனியாவுக்குச் சென்று யோர்க்டவுனில் முகாமிட்டார். 1781 ஒக்டோபர் 19ஆம் திகதி அங்கே சரணடைந்தார்.

6. வெளிநாட்டு உதவியும் நிதியும்

(அ) பெஞ்சமின் பிராங்ளின்
அச்சகத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கி விஞ்ஞானியாகவும் இராசதந்திரியாகவும் உயர்ந்தவர். 1766இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் முன் தோன்றி முத்திரைச் சட்டத்துக்கு எதிராகச் சாட்சியம் அளித்தார். அவ்வாண்டே அச்சட்டம் நீக்கப்பட்டது.

1776இன் இறுதியில், 70 வயதில் பாரிஸ் சென்றார். 1777 ஒக்டோபரில் சரட்டோகாவில் அமெரிக்கப் படை வென்றதும், இவர்களால் வெல்ல முடியும் என்ற நம்பிக்கை பிரான்சுக்கு ஏற்பட்டது. 1778 பெப்ரவரி 6ஆம் திகதி பிரான்சுடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. யோர்க்டவுனில் கடல்வழியை அடைத்தது பிரெஞ்சுக் கடற்படையே. ஆகவே யோர்க்டவுன் வெற்றியின் ஒரு பாதி பாரிசில் பிராங்ளினின் மேசையிலே தயாரானது எனலாம். 1783 செப்டெம்பர் 3ஆம் திகதி பாரிஸ் உடன்படிக்கையில் அவரும் ஜோன் அடம்ஸும் ஜோன் ஜேயும் ஒப்பமிட்டனர்.

(ஆ) ரொபேர்ட் மொறிஸ்
பிலடெல்பிய வணிகர். 1781இல் காங்கிரசின் நிதிப் பொறுப்பாளரானார். தமது சொந்த நம்பிக்கையின் பேரில் கடன் பெற்றும் படைக்கு உணவும் பொருளும் கிடைக்கச் செய்தார். பிற்காலத்தில் நிலக் கொள்வனவில் நட்டமடைந்து, கடனுக்காகச் சிறையிருந்தார்.

7. அதிகம் பேசப்படாதோர்

தலைவர்களின் பெயர்களுடன் நின்றுவிட்டால் பாடம் அரைகுறையாகும்.

• கிறிஸ்பஸ் அற்றக்ஸ்: ஆபிரிக்க வம்சாவளியினர். 1770 பொஸ்டன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த ஐவருள் ஒருவர்.
• அபிகெயில் அடம்ஸ்: ஜோன் அடம்ஸின் மனைவி. புதிய சட்டங்களை ஆக்கும்போது பெண்களை மறந்துவிட வேண்டாம் என 1776இல் கணவருக்குக் கடிதம் எழுதினார். குடும்பத்தையும் பண்ணையையும் தனித்தே நடத்தினார்.
• டெபோரா சம்சன்: ஆண் வேடத்தில் 1782இல் படையிற் சேர்ந்து காயமுற்றவர்.
• ஜேம்ஸ் ஆமிஸ்ரெட்: வேர்ஜீனியாவில் அடிமையாக இருந்தவர். 1781இல் கோர்ன்வாலிஸின் முகாமுக்குள் ஒற்றராக இருந்து செய்தி அனுப்பினார். நாடு விடுதலை பெற்ற பின்னரும் அவர் அடிமையாகவே இருந்தார். படைவீரராகப் பணியாற்றிய அடிமைகளை விடுவிக்க ஆக்கப்பட்ட சட்டம் ஒற்றர்களை உள்ளடக்கவில்லை. மீண்டும் மீண்டும் விண்ணப்பித்து 1787இலேயே விடுதலை பெற்றார்.

நாட்டின் சுதந்திரத்துக்கு உழைத்த ஒருவர் தமது சுதந்திரத்துக்காக ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வொரு வரலாறே அப்போராட்டத்தின் பெருமையையும் குறையையும் ஒருங்கே காட்டுகிறது.

8. எதிர்ப்பக்கம் நின்றோர்

குடியேற்றவாசிகள் அனைவரும் சுதந்திரத்தை விரும்பினர் என எழுதுவது தவறு. அரசருக்கு விசுவாசமாக இருந்தோரும் பலர். பிராங்ளினின் மகன் வில்லியம், நியூஜேர்சியின் ஆளுநராக இருந்து இறுதிவரை அரசரின் பக்கமே நின்றார். தந்தைக்கும் மகனுக்கும் இடையே ஏற்பட்ட பிளவு முழுமையாக ஆறவேயில்லை. போரின் முடிவில் சுமார் 60,000 விசுவாசிகள் கனடாவுக்கும் ஏனைய இடங்களுக்கும் வெளியேறினர். 1775இல் வேர்ஜீனியா ஆளுநர் டன்மோர் பிரபு, கிளர்ச்சியாளர்களிடமிருந்து தப்பிவந்து தம் படையிற் சேரும் அடிமைகளுக்கு விடுதலை தருவதாக அறிவித்தார். அதனை நம்பிப் பிரித்தானியாவின் பக்கம் சென்ற அடிமைகளும் உண்டு.

தெரிந்துகொள்க: திருகோணமலையும் அமெரிக்கப் போரும்

அமெரிக்கருடன் வர்த்தகம் செய்தமை முதலிய காரணங்களால் 1780 டிசம்பரில் பிரித்தானியா ஒல்லாந்து மீது போர் தொடுத்தது. அப்போது இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் வசம் இருந்தது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையைக் கைப்பற்றினர். அதே ஆண்டு கண்டி அரசவைக்கு ஹியூ பொய்ட் தூது சென்றதும் இதன் தொடர்ச்சியே. ஓகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படை அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தது. போரின் பின் அது மீண்டும் ஒல்லாந்தரிடம் சென்றது. பொஸ்டனில் மூண்ட தீ திருகோணமலைக் கோட்டை வரை எட்டியது. யோர்க்டவுனில் சரணடைந்த கோர்ன்வாலிஸ் பிரபுவே 1786இல் இந்தியாவின் ஆளுநர் நாயகமாக வந்தார்.

மாணவர் வழமையாக விடும் தவறுகள்

1. லபயெற், ஸ்ரூபன் ஆகியோரைக் குடியேற்றவாசிகள் என எழுதுதல். முன்னவர் பிரெஞ்சுக்காரர், பின்னவர் பிரஷ்யர். இருவரும் உதவிக்கு வந்த வெளிநாட்டவர்.
2. சாமுவேல் அடம்ஸையும் ஜோன் அடம்ஸையும் ஒருவராகக் கருதுதல். இரண்டாவது ஜனாதிபதியானவர் ஜோன் அடம்ஸ்.
3. 1776உடன் போர் முடிந்தது எனக் கருதுதல். 1776 பிரகடனம்; 1781 யோர்க்டவுன்; 1783 பிரித்தானியாவின் அங்கீகாரம்.

மாதிரி வினா

(அ) பாரிஸ் உடன்படிக்கை கைச்சாத்தான ஆண்டு எது? (1 புள்ளி)
(ஆ) தேயிலை மலிவாகக் கிடைத்தும் பொஸ்டன் மக்கள் அதனை எதிர்த்தமைக்கு இரு காரணங்கள் தருக. (4 புள்ளிகள்)
(இ) “அமெரிக்க சுதந்திரம் வாளால் மட்டுமன்றிப் பேனாவாலும் வென்றெடுக்கப்பட்டது.” குடியேற்றவாசிகள் மூவரின் பணியைக் கொண்டு ஆராய்க. (10 புள்ளிகள்)

(இ) பகுதிக்கு வழிகாட்டல்: தோமஸ் பெயின், ஜெபர்சன், வொஷிங்டன் ஆகிய மூவரை எடுக்கலாம். பெயின் சுதந்திரம் வேண்டும் என்ற எண்ணத்தைப் பரப்பினார். ஜெபர்சன் அவ்வெண்ணத்துக்குக் கொள்கை வடிவம் கொடுத்தார். வொஷிங்டன் அக்கொள்கை தோற்றுவிடாமற் படையால் காத்தார். பேனாவும் வாளும் ஒன்றையொன்று தாங்கின என்பதை முடிவாக எழுதுக. அச்சுதந்திரம் அடிமைகளையும் பெண்களையும் பூர்வீகக் குடிகளையும் உடனே சென்றடையவில்லை என்ற ஒரு வரியைச் சேர்த்தால் விடை முழுமை பெறும்.

மாணவர்களே, ஒரு பெயரை எழுதியதும் பேனாவைச் சற்று நிறுத்துங்கள். “இவர் எதைச் செய்தார்? அதனால் என்ன மாறியது?” என்று உங்களையே கேளுங்கள். அதற்குரிய பதிலை அடுத்த வரியாக எழுதுங்கள். மனனம் செய்த பக்கத்தைவிட அந்த ஒரு வரிக்கே புள்ளி அதிகம்.